ஒற்றைத் தேதி

பத்து கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும்
எங்கள் இருவரின் ஒரு வாரச் சாப்பாடு.
விமான நிறுவனம் இப்படிச் சொல்லவில்லை,
தம்தா கணக்குப் போட்டுச் சொன்னாள்.

குதாயிசியில் மழை. விடுதியின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது.
கட்டில்மேல் பெட்டி, வாயைப் பிளந்தபடி.
மீன் நிறுக்கும் கொக்கித் தராசை
விடுதிக் காவலாளி மடோனாவிடம் இரவல் வாங்கினோம்.
பெட்டி அதில் தொங்கியபோது
மூச்சை அடக்கிக்கொண்டோம்,
அதையும் சேர்த்து நிறுத்துவிடும் என்பதுபோல.
பதினான்கு எழுநூறு.

முதலில் வெளியேறியது அகராதி.
லிதுவேனிய மொழியில் அவளுக்குத் தெரிந்தவை மூன்று சொற்கள்:
நன்றி, ரொட்டி, மன்னிக்கவும்.
"அஞ்சு மாசத்துக்கு இது தாங்கும்" என்றாள்.
பிறகு குதிகால் செருப்பு. பிறகு இரும்புச் சட்டி.
(சட்டி எப்போது உள்ளே போனது என்று
இருவருக்குமே தெரியவில்லை.)

சுக்திதியிலிருந்து அவள் அம்மா
வேன் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய அஜிகா,
கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சாந்து,
ஒரு முழு ஜாடி.
விமானத்தில் அதுவும் திரவமாம். நூறு மில்லிதான்.
ஷாம்பு புட்டி ஒன்றை ஐந்து முறை கழுவி அடைத்தோம்.
ஆப்பிள் வாசனை போகவேயில்லை.
மிச்சத்தை நான் சாப்பிட வேண்டுமாம். அது என் பங்கு.

உடம்பில் போட்டிருப்பதற்கு எடை கிடையாது.
அந்த விதியைத் தேடிக் கண்டுபிடித்தவள் நான்தான்.
சத்தமாக வாசித்த பிறகே எனக்கு உறைத்தது:
எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோட்டு.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்
பழைய துணிச் சந்தையில் அறுபது லாரி,
ஆளுக்கு முப்பது.
கரும்பச்சை, ஆண்பிள்ளைக் கோட்டு,
ஒரு பொத்தான் மட்டும் வேறு சாதி.
ஒற்றைத் தேதி எனக்கு, இரட்டைத் தேதி அவளுக்கு.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து எனக்கே வரும்போதெல்லாம்
"காலண்டர் போட்டவன் உன் மாமனா?" என்பாள்.
விமானம் முப்பத்தொன்றாம் தேதி.

அவள் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.
கோட்டைக் கதவில் மாட்டி
பைகளில் திணிக்கத் தொடங்கினேன்:
சார்ஜர், ஏழு ஜோடி காலுறை, மாத்திரை,
கால்குலேட்டர், வால்நட் கோத்த திராட்சை மிட்டாய் இரண்டு சரம்.
உள்துணியில் ஒரு கிழிசல் உண்டு.
தைக்காமல் விட்டது நல்லதாயிற்று;
முதுகுப்புறம் முழுக்க ஒரு பெட்டியாயிற்று.

விமான நிலையத்தில் அவள் நடந்தது
அலமாரி ஒன்று நடப்பதுபோல் இருந்தது.
பெட்டி அளவுக் கூண்டுக்குள் இறங்கியது.
சீருடைப் பெண் கோட்டைப் பார்த்தாள்,
மழையைப் பார்த்தாள், போ என்றாள்.
அணைக்க முயன்றோம். இடையில் கால்குலேட்டர்.
"குளிருமே உனக்கு" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு ஸ்வெட்டரோடு திரும்பி வந்து
அறை வாசலில் சாவியைத் தேடினேன்.
நேற்று இருபத்தொன்பதுதானே... இல்லை,
நேற்று முப்பது, அவள் நாள்.
அதற்கு முந்தின நாள் நான் கோட்டுப் பையில் போட்ட சாவி
கிழிசல் வழியாக இறங்கி,
இந்நேரம் கருங்கடலுக்கு மேலே இருக்கலாம்.
மடோனா மாற்றுச் சாவி கொண்டு வந்தாள்,
தராசையும் கேட்டாள்.

மறுநாள் காலை ஒரு படம்:
அவள் உள்ளங்கையில் என் சாவி, ஜன்னலில் வெள்ளை.
கீழே: "மைனஸ் பதினொன்று. ரொட்டி வாங்கப் போகணும்.
இன்னைக்கு ஒண்ணாம் தேதி, உன் நாள்.
போட்டுக்கட்டுமா?"

தரையில் கிடந்த அகராதியைப் புரட்டிவிட்டு எழுதினேன்:
"கடன், ஒரு நாள். குறித்து வை.
நாலாவது சொல்: ராக்தஸ். சாவி என்று அர்த்தம்."

பதில் இல்லை.
வெளியே போயிருப்பாள்.